வெரோனிகாவுக்கு இரண்டு விலாசம்

புதுச்சேரியில் ஒருவரை எடைபோட வேண்டுமானால் சம்பளத்தைக் கேட்க வேண்டியதில்லை, சாதியைக் கேட்க வேண்டியதில்லை. "எங்க இருக்கீங்க?" என்று ஒரு வார்த்தை போதும். மற்றதெல்லாம் தானாக வந்து விழும். ஊரை இரண்டாகப் பிரிக்கிற வாய்க்காலுக்குக் கிழக்கே, பழைய பிரெஞ்சுக்காரர் பக்கம் என்றால் உட்காரச் சொல்வார்கள். மேற்கே என்றால் எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு உட்காரச் சொல்வார்கள். பைபாஸ் தாண்டி ஸ்லம் போர்டு என்றால் நிற்க வைத்தே பேசி அனுப்பிவிடுவார்கள். அதெல்லாம் அந்தக் காலம் என்று யாராவது சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். சொல்கிறவர் எங்கே குடியிருக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

வெரோனிகாவைக் கேட்டால் "சுஃப்ரேன் வீதி" என்பாள். ஐம்பத்து நான்கு வயது, கையில் சாப்பாட்டுப் பை, காலில் ரப்பர் செருப்பு. கேட்டவர் ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார். அந்த வீதியில் இப்போது குடும்பம் நடத்துகிறவர்கள் எத்தனை பேர்? முக்கால்வாசி வீடு ஓட்டலும் காபிக் கடையுமாகிவிட்டது. ஆனாலும் அவள் சொல்வது முழுப் பொய் இல்லை. பிறந்தது அங்கேதான். காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஆறு வரை இருப்பதும் அங்கேதான். போய்ப் படுக்கிற இடம்தான் வேறு. அதை அவள் வீடு என்று சொன்னதில்லை. "அங்க" என்பாள். "அங்க போய்ட்டு வரேன்", அவ்வளவுதான்.

அவளுடைய அம்மா அந்த வீதியில் ஒரு பெரிய வீட்டில் சமையல்காரி, அப்பா தோட்டக்காரர். வீட்டுக்காரர்கள் வெள்ளைக்காரர்கள் ஒன்றுமில்லை, நம் ஊர் ஆட்கள்தான். பிரெஞ்சு சர்க்காரில் உத்தியோகம் பார்த்து அந்த நாட்டுப் பென்ஷன் வாங்கிய குடும்பம். அதனால் அவர் முசியே, அந்தம்மா மதாம். தெருவைப் பார்த்து மஞ்சள் சுவரும் ஆளுயரத்துக்கு இரண்டு மடங்கு கதவும். பின்பக்கம் சந்தைப் பார்த்து ஒரு சின்னக் கதவு, அதையொட்டி ஓர் அறை. அந்த அறையில்தான் வெரோனிகா பிறந்தாள், வயதுக்கு வந்தாள், கல்யாணமாகிப் படுத்தாள், பிள்ளை பெற்றாள். முன்கதவு வழியாக அவள் உள்ளே போனது மொத்தம் இரண்டே முறை. கோவிலில் முதன்முதலாக அப்பம் பெற்றுப் புதுநன்மை வாங்கிய அன்று மதாம் கூப்பிட்டுப் போட்டோ எடுத்தபோது ஒரு முறை, முசியே செத்து, அவரைக் கிடத்தியிருந்தபோது இன்னொரு முறை. அது அவளுக்கு ஒரு குறையாகவே பட்டதில்லை. மழை மேலேயிருந்து பெய்வதை யாராவது குறை என்று சொல்வார்களா?

கட்டிக்கொண்ட லூயி பெயின்டர். வாய்க்கால் கரைக் குடிசைக்காரன், வீட்டோடு மாப்பிள்ளையாக அந்தப் பின்கட்டு அறைக்கே வந்து சேர்ந்தான். நல்ல மனுஷன்தான், பொழுது சாய்கிற வரைக்கும். பொழுது சாய்ந்தால் இந்த ஊரில் ஆம்பிளைகளுக்கு வழி சொல்லித் தர வேண்டுமா என்ன? ஒரே மகள் சிந்தியாவுக்குப் பதினோரு வயதாகும்போது ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்தான். அதற்கு முன்னாலேயே கவர்மென்ட் வாய்க்கால் கரையைக் காலி செய்து, அவன் அம்மா குடிசைக்குப் பதிலாக பைபாஸுக்கு அந்தப் பக்கம் நாலு மாடிக் கட்டடத்தில் ஒரு வீடு ஒதுக்கியிருந்தது. ஒரு ஹால், ஓர் அறை, சமையலறை, கக்கூஸ். ஊர் வாயில் ஸ்லம் போர்டு. மாமியாரும் போன பிறகு அது பூட்டியே கிடந்தது.

முசியே போன பிறகு பாரீசோடு போய்விட்ட மதாம், பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அங்கிருந்து கடைசியாக வந்தாள். கூடவே ஒரு இன்ஜினீயர், ஒரு வக்கீல். வெரோனிகாவைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு, "ரிப்பேர் முடியிற வரைக்கும் வெளிய எங்கியாவது இரு வெரோனிகா. முடிஞ்சதும் வந்துடலாம்" என்றாள். அப்போது அவள் மனசில் அப்படித்தான் இருந்ததோ என்னவோ, செத்தவளைக் கேட்கவா முடியும்? ரிப்பேர் முடிந்தது. முன்கதவுக்கு மேல் ஓட்டல் பலகை ஏறியது. மதாம் போய்ச் சேர்ந்த சேதியும் அடுத்த வருஷமே வந்தது. ஓட்டல்காரர்கள் வெரோனிகாவை அழைத்து, இந்த வீட்டைப் பற்றி உங்களுக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும் என்று சொல்லி, அறை பெருக்கவும் படுக்கை விரிக்கவும் வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். ஆக, சொன்னபடி அவள் திரும்பி வந்துவிட்டாள். பின்கதவு வழியாகத்தான்.

அவள் செய்த கூத்து இங்கேதான் ஆரம்பிக்கிறது. அவள் "அங்க" போய்க் குடியேறவே இல்லை. ராத்திரி படுத்தாள், விடியற்காலை எழுந்து பஸ் ஏறினாள், அதற்குப் பேர் குடியேறுவதா? மூட்டைகளில் பாதியை அவிழ்க்கவில்லை. சுவரில் ஓர் ஆணி அடிக்கவில்லை. திருஇருதயப் படத்தைப் பேப்பர் சுற்றியது சுற்றியபடி பரணில் வைத்திருந்தாள். வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பங்களில் புது வீட்டுக்குப் போனால் சாமியாரைக் கூப்பிட்டு, தீர்த்தம் தெளித்து மந்திரித்த பிறகுதான் பாலே காய்ச்சுவார்கள். அவள் மந்திரிக்கவில்லை. மந்திரித்துவிட்டால் அது வீடாகிவிடும் அல்லவா? ரிப்பேர்தான் முடிந்துவிட்டதே, இன்னும் எதற்குக் காத்திருக்கிறாய் என்று கேட்டிருந்தால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

கோவில் அட்டையையும் மாற்றவில்லை. டவுன் கோவிலில் அவள் குடும்ப அட்டை ஞானஸ்நானத்திலிருந்தே இருக்கிறது, விலாசம் சுஃப்ரேன் வீதி. பைபாஸ் பக்கம் தகர ஷீட் போட்ட ஒரு கோவில் உண்டு, அவள் படுக்கிற இடத்துக்கு முறைப்படி அதுதான் பங்குக் கோவில். சாமியாருக்கு உதவியாக இருக்கிற உபதேசியார் இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். "இருக்கட்டும் உபதேசியாரே" என்றாள். வருஷா வருஷம் ஈஸ்டர் பாஸ்கா கழிந்ததும் சாமியார் வீடு வீடாக மந்திரிக்க வருவார். அன்றைக்கு வெரோனிகா ஓட்டலின் பின்கதவில் முக்காடு போட்டுக்கொண்டு நிற்பாள். அவள் பிறந்த அறையில் அப்போது வெளுத்த துணிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். பழைய சாமியார் வாசலிலேயே நின்று, பெட்ஷீட் அடுக்கின் மேல் நாலு சொட்டுத் தெளித்து, "சௌக்கியமா வெரோனிகா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? மேனேஜர்களும் ஒன்றும் சொல்லவில்லை. யாருக்கும் காசு செலவில்லாத ஒரு பொய், இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

போன வருஷம் அந்த அறையையும் இடித்துக் கட்டி, 'கார்டன் சூட்' ஆக்கினார்கள். ஏ.சி., கண்ணாடித் தடுப்பு வைத்த பாத்ரூம், வெள்ளை மெத்தை. வாசலில், அம்மா மதாமுக்கு மாவாட்டிய ஆட்டுக்கல்லில் தண்ணீர் ஊற்றி ரோஜா இதழ் மிதக்க விட்டார்கள். அந்த இதழ்களைக் காலையில் மாற்றுவதும் வெரோனிகாவின் வேலைதான். மாற்றுவாள். அந்தக் கல்லைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்தது என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும். வரவில்லை. எதுவுமே வரவில்லை. ரொம்ப நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் கால் மரத்துப்போகுமே, அந்த மாதிரி உள்ளே ஏதோ மரத்துப்போய்ப் பல வருஷமாகியிருந்தது.

சிந்தியாவுக்கு இருபத்தேழு முடிந்துவிட்டது. லாஸ்பேட்டையில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வரன் வந்தது. பெண்ணெல்லாம் பிடித்துவிட்டது, வீடு பார்க்க வருகிறோம் என்றார்கள். மூன்று மாடி ஏறி வந்தார்கள். ஏறும்போதே மாப்பிள்ளையின் அம்மா புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டது வெரோனிகாவின் கண்ணில் பட்டுவிட்டது. டீ நல்லா இருக்குதுன்னு சொல்லிக் குடித்துவிட்டுப் போனவர்கள் போன் எடுக்கவில்லை. தரகர்தான் கடைசியில் மென்று விழுங்கிக்கொண்டு, "பொண்ணு பத்தி ஒரு குத்தமும் இல்லம்மா. அந்த அட்ரஸ பத்திரிகையில போடச் சங்கடமா இருக்குதாம்" என்றார். சிந்தியா மூன்று நாள் சாப்பிடவில்லை. வெரோனிகா மட்டும் மறுநாளே வேலைக்குப் போய்ப் பதினோரு கட்டிலுக்குப் படுக்கை விரித்தாள்.

இப்போது வந்திருப்பது லூர்துபிரகாஷ். காலேஜ் ஆபீசில் கிளார்க், ஸ்கேன் சென்டருக்கு அவன் அப்பாவை அழைத்து வந்தபோது பழக்கம். அப்பா பிரான்சுவா, அம்மா ஸ்டெல்லாமேரி. லாஸ்பேட்டையில் சொந்த வீடு, மாடி எடுத்து கிரில் போட்டிருக்கிறார்கள். பையன் தங்கமான பையன். இந்த முறை வெரோனிகா விழித்துக்கொண்டாள். "வீட்ல வேலை நடக்குது" என்று சொல்லி, பெண் பார்ப்பதையும் பூ வைப்பதையும் கோவில் ஹாலிலேயே முடித்துவிட்டாள். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு சுஃப்ரேன் வீதி என்று சொல்லி, பேச்சை மாற்றினாள்.

"சொல்லிடலாம்மா" என்றாள் சிந்தியா.

"சொல்லி? அவங்களும் டீ குடிச்சிட்டுப் போறதுக்கா?"

"அவங்க அப்படி இல்லம்மா."

"எல்லாரும் அப்படித்தான். மூணு ஓலையும் படிச்சி முடியட்டும், அப்புறம் நானே சொல்றேன்."

ஓலை படிப்பது என்றால், கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசையில், இன்னார் மகள் இன்னார், இன்ன இடத்தில் குடியிருக்கிறவர், இன்னார் மகனைக் கட்டப் போகிறார், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லுங்கள் என்று சபைக்கு முன்னால் வாசிப்பது. மூன்று முறை வாசித்துவிட்டால் யாரும் பின்வாங்க மாட்டார்கள், வாங்கினால் கேவலம். வெரோனிகாவுக்கு வேண்டியது அவ்வளவுதான். பெண் பேருக்குப் பக்கத்தில் அந்த விலாசம் சபையில் கேட்க வேண்டும். சிந்தியாவை ஒரு கை தாங்கிப் பிடித்துக் கரையேற்றுகிற மாதிரி அந்த இரண்டு வார்த்தை தாங்கிப் பிடிக்கும் என்று நம்பினாள்.

ஆனால் பழைய சாமியார் மாற்றலாகிப் போய்விட்டார். வந்திருக்கிற புதுச் சாமியார் சின்ன வயசு, கறார் பேர்வழி. அட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "வீட்டுக்கு வந்து மந்திரிச்சிட்டு ஓலை எழுதிக் குடுக்கிறேம்மா. சனிக்கிழமை மூணு மணிக்கு வரேன்" என்றார். வேண்டாம் என்று சொல்ல முடியுமா? சொன்னால் ஏன் என்பார்.

ஓட்டல் மேனேஜர் செம்மல், விழுப்புரத்துப் பிள்ளை, முப்பது வயது இருக்கும். வெரோனிகா அவனிடம் போய் நின்றாள்.

"தம்பி, சனிக்கிழமை மத்தியானம் கார்டன் சூட்டு ஒரு அரமணி நேரம் வேணும்."

"யாருக்குக்கா?"

"எனக்கு."

செம்மல் அவளை நிமிர்ந்து பார்த்தான். விஷயத்தைச் சொன்னாள், சுருக்கமாக, யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்கிற மாதிரி. அவன் கம்ப்யூட்டரில் சனிக்கிழமை புக்கிங்கைத் தேடினான். "பதினோரு மணிக்குக் காலி பண்றாங்க. அடுத்த பார்ட்டி நாலு மணிக்கு, பெங்களூர்லேந்து. நாலுக்கு பெட் ரெடியா இருந்தா போதும்க்கா" என்றான். எத்தனையோ மேனேஜர்கள் இருக்கிறார்கள், பிள்ளைகள் இப்படியும் இருக்கிறார்கள்.

சனிக்கிழமை அவள் செய்த வேலையை அதுவரை எந்த ஓட்டலிலும் யாரும் செய்திருக்க மாட்டார்கள். நன்றாக இருக்கிற ஓர் அறையை ஏழை வீடாக்கினாள். வெள்ளை விரிப்பை உருவிவிட்டு, பையில் கொண்டு வந்திருந்த தன்னுடைய பூப்போட்ட பழைய விரிப்பைப் போட்டாள். காபி மெஷினைத் துண்டு போட்டு மூடினாள். மேசை மேலிருந்த சாக்லேட்டையும் வரவேற்புச் சீட்டையும் டிராயரில் தள்ளினாள். கொடிக்கயிறு ஒன்றைக் கட்டி இரண்டு புடவையைத் தொங்கவிட்டாள். திருஇருதயப் படத்தைப் பேப்பரைப் பிரித்து டி.வி.க்கு முன்னால் சாய்த்து வைத்தாள். இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு தட்டில் உப்பு, ஒரு சொம்பு தண்ணீர். சிந்தியா லீவு போட்டுவிட்டு வந்து வாசலில் நின்று இதையெல்லாம் பார்த்தாள்.  கொடியில் ஒரு புடவை நழுவியது, அதை மட்டும் சரிசெய்தாள்.

மூன்று மணிக்குச் சாமியார் வந்தார், கூட உபதேசியார். அவர்களுக்குப் பின்னால் ஸ்டெல்லாமேரி. வெரோனிகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வீட்டாரும் இருந்தால் நல்லது என்று சாமியார்தான் சொல்லியனுப்பினாராம்.

"வாங்க சம்பந்தி" என்றாள். வேறென்ன சொல்வது?

சாமியார் ஜெபித்தார். கட்டில் மேல் தீர்த்தம் தெளித்தார், ஏ.சி. மேலும் ஒரு சொட்டுப் பட்டது. கண்ணாடித் தடுப்பைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கி அங்கேயும் தெளித்தார். பிறகு திரும்பி, "சமையக்கட்டு எங்கம்மா? அங்கயும் தெளிக்கணும்" என்றார்.

வெரோனிகா சட்டென்று முற்றத்துப் பக்கம் கையைக் காட்டினாள். அங்கே வெள்ளைத் தொப்பி போட்ட சமையல்காரர் எதையோ வதக்கிக்கொண்டிருந்தார்.

"அது ஓட்டலோடதும்மா. உங்களுது?"

அவள் யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். கொடிக்கயிறு வரை யோசித்துக் கொண்டு வந்தவள் ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக் கொண்டுவர வேண்டும் என்று ஏன் யோசிக்கவில்லை? ஏனென்றால் இந்த அறையில் அடுப்பு இருந்ததே கிடையாது. அம்மா சமைத்தது மதாமின் சமையலறையில். அவர்கள் சாப்பிட்டு முடித்த பிறகு மிச்சத்தை மூடி போட்ட பாத்திரத்தில் கொண்டு வருவாள். இந்த அறையில் அப்பா அம்மா கண்ட சோறும் அதுதான், அவள் கண்ட சோறும் அதுதான். நாற்பது வருஷம். அடுப்பு இல்லாத இடத்தை வீடு வீடு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"எங்களுக்குன்னு அடுப்பு இருந்ததில்ல சாமி" என்றாள்.

 உபதேசியார் தரையைப் பார்த்தார். ஸ்டெல்லாமேரிதான் வந்து அவள் தோளைத் தொட்டாள்.

"சம்பந்தி, உக்காருங்க. எங்களுக்கு எல்லாம் தெரியும்."

"என்ன தெரியும்?"

"பொங்கல் லீவுலயே நானும் அவரும் பைபாஸ் தாண்டி அங்க போயி வீட்டைப் பாத்துட்டோம். சிந்தியாதான் கூட்டிட்டுப் போச்சி. பக்கத்து வீட்டு வீராயியம்மா டீ போட்டுக் குடுத்தாங்க. நாங்களும் ஒண்ணும் இந்த வீதியில பொறந்தவங்க இல்ல சம்பந்தி. எங்க மாமனார் மில்லுல நூல் சுத்துனவரு, கூரை வீட்லதான் நான் வாழ வந்தேன்."

"அப்ப ஏன் எங்கிட்ட சொல்லல?"

ஸ்டெல்லாமேரி சிந்தியாவைப் பார்த்தாள். சிந்தியா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அதுதான் சொல்ல வேணாம்னுச்சி. எங்கம்மாவுக்கு இது ஒண்ணுதான் புடிப்பு, தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க, தாங்க மாட்டாங்கன்னுச்சி."

வெரோனிகா நின்றபடியே இருந்தாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். அவமானம் வரும் என்று காத்திருந்தாள். இத்தனை நாள் அவள் யாரை ஏமாற்றினாள் என்று கணக்குப் பார்த்தால், பழைய சாமியார் இல்லை, மேனேஜர் இல்லை, சம்பந்தி இல்லை, மகள் இல்லை. எல்லாரும் சேர்ந்து அவளுக்காக நடித்திருக்கிறார்கள். இப்படியும் ஒரு மானக்கேடு உண்டா? உண்டுதான். ஆனால் அதுவும் தொடவில்லை. சுவரில் கடிகாரம் மூன்று இருபத்தைந்து காட்டியது.

"நாலு மணிக்கு கெஸ்ட் வராங்க சாமி" என்றாள். "பெட் போடணும்."

எல்லாரும் வெளியே போனார்கள். பூப்போட்ட விரிப்பை மடித்துப் பையில் வைத்தாள். வெள்ளை விரிப்பை உதறிப் போட்டு, நான்கு மூலையும் மடக்கிச் செருகினாள். சாக்லேட்டை எடுத்து மேசையில் வைத்தாள். முடித்துவிட்டு வெளியே வந்தபோது மணி மூன்று ஐம்பது. சாமியார் சந்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் அந்தக் கறார் எல்லாம் போயிருந்தது. "உங்க ஓலைய உங்க பங்குலதாம்மா படிக்கணும். அட்டையை நானே மாத்திக் குடுக்கிறேன். அந்தச் சாமியார்கிட்டயும் பேசிடுறேன்" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு லீவு கேட்டாள். பதின்மூன்று வருஷத்தில் ஞாயிற்றுக்கிழமை லீவு கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவரை ஞாயிறுகளில் டவுன் கோவிலில் விடியற்காலைப் பூசை பார்த்துவிட்டு நேராக ஓட்டலுக்குப் போய்விடுவாள். சிந்தியா எந்தக் கோவிலுக்குப் போகிறாள் என்று கேட்டதில்லை. தகர ஷீட் கோவிலுக்குள் நுழைந்தபோது சிந்தியா பாட்டுக் குழுவில் முன்வரிசையில் நின்றிருந்தாள். மைக்கைச் சரிசெய்து, சின்னப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள். எல்லாப் பிள்ளைகளும் அக்கா அக்கா என்று அவளைச் சுற்றிக்கொண்டிருந்தன. வெரோனிகா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அங்கே ஒரு முகம்கூட அவளுக்குத் தெரியவில்லை.

பிரசங்கம் முடிந்து அந்தப் பங்குச் சாமியார் ஓலையை எடுத்தார். "காலஞ்சென்ற லூயிக்கும் வெரோனிகாவுக்கும் பிறந்த மகள் சிந்தியா, நம் பங்கைச் சேர்ந்தவர், ஏழாவது பிளாக், மூன்றாவது மாடி..." வெரோனிகா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்ப்பானேன்? அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் ஆறாவது பிளாக், எட்டாவது பிளாக். பேரைக் கேட்டதும் நாலைந்து பெண்கள் சந்தோஷமாகச் சிரித்தார்கள், அவ்வளவுதான். இந்த வார்த்தைகளுக்குப் பயந்தா இத்தனை வருஷம் ஓடினோம் என்று நினைத்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் கூட்டம் சிந்தியாவைச் சூழ்ந்துகொண்டது. கன்னத்தைக் கிள்ளுகிறவளும், மாப்பிள்ளை போட்டோவைக் காட்டு என்கிறவளும். வெரோனிகா சற்றுத் தள்ளி நின்றாள். பூக்காரி போலிருந்த ஒருத்தி, தலை நிறைய கனகாம்பரம், அவளைப் பார்த்துப் பக்கத்தில் வந்தாள்.

"நீங்க மாப்ள வீடா?"

"இல்ல. பொண்ணு வீடு."

"என்ன வேணும்? பெரியம்மாவா?"

"அம்மா."

அந்தப் பெண் வாயில் கையை வைத்தாள். "ஐயோ! தப்பா நெனச்சிக்காதீங்க. அது அம்மா இல்லாத பொண்ணுன்னுல்ல இத்தினி நாளா நெனச்சிட்டிருந்தோம்! டெங்கு வந்து ஆறு நாளு ஆஸ்பத்திரியில கெடந்துச்சே, நாங்கதான் மாத்தி மாத்திப் படுத்துக்கிட்டோம். வீராயியம்மா கஞ்சி கொண்டாந்து குடுப்பாங்க. யாரும் வரலியே, பாவம்னு..." சட்டென்று நிறுத்திக்கொண்டு, சங்கடமாகச் சிரித்தாள். "இப்பக்கூட ஓலையில அப்பா பேருக்கு மட்டும் காலஞ்சென்றன்னு படிச்சாரா, அம்மா பேருக்குச் சொல்ல மறந்துட்டாரு சாமின்னு நெனச்சேன்."

டெங்கு. மூன்று வருஷத்துக்கு முன்னால், புத்தாண்டுக் கூட்டம். வெரோனிகா ஒரு வாரம் ஓட்டலிலேயே தங்கிவிட்டாள். போனில் சிந்தியா, "லேசான காய்ச்சல்தாம்மா, நீ வராத, அங்க ஆள் இல்லன்னு சொன்னியே" என்றாள். அவளும் சரி என்று வைத்துவிட்டு, கார்டன் சூட்டாக இன்னும் மாறாத அந்த அறையில், வெளுத்த துணி அடுக்குகளுக்கு நடுவில் பாய் விரித்து, சொந்த வீட்டில் படுத்த நிம்மதியில் தூங்கினாள்.

அப்போதுதான் வலித்தது. பதின்மூன்று வருஷமாக வராத வலியெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து அடிவயிற்றில் வந்து இறங்கியது. நான் இருந்தேனே, இங்கேதானே இருந்தேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்ல வாயெடுத்தாள். சொல்ல முடியவில்லை.